இயந்திரம் வேலையைப் பறிக்குமா? பதிலை மாற்றி எழுதிய பங்குச்சந்தைக் கோடீஸ்வரர் டேவிட் ரிக்கார்டோ

அலுவலகத்தில் புதிய ஏஐ கருவி ஒன்று வரும்போதெல்லாம் நிர்வாகம் கூட்டம் போட்டுச் சொல்வது இந்நேரம் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். சில வேலைகள் போகும், வேறு வேலைகள் வரும், மொத்தத்தில் எல்லோருக்கும் நல்லதுதான் என்பார்கள். இது போன வாரம் தயாரான ஸ்லைடு இல்லைங்க. இந்த வாதத்துக்கு வயது 200க்கு மேல். இதை நம்பிய பொருளியலாளர்களில் மிகப் பெரிய பெயர் டேவிட் ரிக்கார்டோ. அதே ரிக்கார்டோதான் 1821ல் தன் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பில் புது அத்தியாயம் ஒன்றைச் சேர்த்து, இந்த விஷயத்தில் தான் தவறாக நினைத்துவிட்டதாக வெளிப்படையாக எழுதினார்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு ரிக்கார்டோ என்றால் ஒப்பீட்டு அனுகூலம், இங்கிலாந்துத் துணி, போர்ச்சுகல் ஒயின் என்று ஞாபகம் வரும். தேர்வுக்கு அது போதும். வேலையும் சம்பளமும் பற்றிக் கவலைப்படுபவருக்கு அவருடைய 31வது அத்தியாயம்தான் முக்கியம். அதை எழுதியவர் யார், எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்று தெரிந்தால் அதன் கனம் இன்னும் புரியும்.

14 வயதில் சந்தைக்கு

ரிக்கார்டோ 1772 ஏப்ரலில் லண்டனில் பிறந்தார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பா ஆபிரகாம் பங்குத் தரகர். குறைந்தது 17 பிள்ளைகள் பிறந்த வீட்டில் இவர் மூன்றாவது. 14 வயதில் அப்பாவோடு தொழிலுக்குப் போய்விட்டார். கல்லூரிப் பக்கமே போனதில்லை.

21 வயதில் குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்த பிரிசில்லா வில்கின்சனைத் திருமணம் செய்துகொண்டார். வேறு மதம் என்பதால் வீட்டோடு உறவு முறிந்தது, அப்பாவின் தொழிலும் கைவிட்டுப் போனது. ஆனால் சந்தையில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. தெரிந்தவர்கள் கடன் கொடுத்து உதவ, தனியாகத் தொழில் தொடங்கினார்.

நேரமும் கைகொடுத்தது. பிரான்ஸோடு நடந்த நீண்ட போருக்காக பிரிட்டிஷ் அரசு கடன் மேல் கடன் வாங்கியது. அந்தக் கடன் பத்திரங்களை வாங்கி விற்பதுதான் ரிக்கார்டோவின் வேலை. விலையை மனக்கணக்கில் நொடியில் பிடிக்கும் இந்த வேலைக்கு லண்டனில் ஜாபர் என்று பெயர். (அந்த வேலையே 1986ல், லண்டன் சந்தை கணினிக்கு மாறிய சீர்திருத்தத்தோடு இல்லாமல் போனது. மும்பை தலால் தெருவில் கூச்சல் போட்டு வியாபாரம் செய்தவர்களின் இடத்துக்கு 1995ல் திரை வந்தது.)

1799ல் மனைவியின் உடல்நலத்துக்காக பாத் நகரத்தில் தங்கியிருந்தபோது ஆடம் ஸ்மித்தின் புத்தகம் தற்செயலாகக் கையில் கிடைத்தது. அப்போது அவருக்கு 27 வயது. அங்கிருந்து பொருளியல் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பத்து ஆண்டுகள் கழித்துத்தான் முதல் கட்டுரையை எழுதினார். பொருளியல் வழியாக இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள். ஒருவர், மக்கள்தொகைக் கோட்பாட்டால் புகழ்பெற்ற மால்தஸ். இருவரும் பெரும்பாலான விஷயங்களில் மோதிக்கொண்டார்கள், கடைசி வரை நண்பர்களாகவே இருந்தார்கள். இன்னொருவர் ஜேம்ஸ் மில். எழுத வராது என்று தயங்கிய ரிக்கார்டோவை விரட்டி விரட்டிப் புத்தகம் எழுத வைத்தவர் இவர்தான். இந்தியாவை நேரில் பார்க்காமலேயே இந்திய வரலாறு எழுதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 1819ல் வேலைக்குச் சேர்ந்த அதே மில்.

1815ல் வாட்டர்லூ போருக்குச் சற்று முன்பு அரசு ஒரு பெரிய கடன் திரட்டியது. நெப்போலியன் ஜெயித்துவிடுவானோ என்ற பயத்தில் பத்திரங்கள் மலிவாகக் கிடைத்தன. ரிக்கார்டோ வாங்கி வைத்துக் காத்திருந்தார். மால்தஸுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார். மனுஷன் பயந்துபோய், போருக்கு முன்பே சின்ன லாபத்துக்கு அதை விற்கச் சொல்லிவிட்டார்! பிரிட்டன் வென்றது, பத்திர விலை எகிறியது. அதற்குப் பிறகு ரிக்கார்டோ சம்பாதிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கேட்கூம்ப் பார்க் என்ற பெரிய பண்ணையின் சொந்தக்காரராகவும் ஆகியிருந்தார்.

ஆக, இயந்திரத்தால் வேலை இழக்கும் ஆபத்து துளியும் இல்லாதவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நேரம், வடக்கே

லண்டனில் ரிக்கார்டோ பணம் பண்ணிக்கொண்டிருந்த காலத்தில் வட இங்கிலாந்தில், லங்காஷயரில், கைத்தறி நெசவாளர்களுக்கு நடந்ததைப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பம் முதலில் அவர்களுக்குச் செய்தது நன்மைதான். இது பலருக்கும் தெரியாத பகுதி.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூற்பு இயந்திரங்கள் வந்தன. நூல் மலிவாகக் குவிந்தது. ஆனால் நெசவுக்குச் சரியான இயந்திரம் இன்னும் வரவில்லை. அவ்வளவு நூலையும் கையால்தான் நெய்தாக வேண்டும். நெசவாளருக்கு ஏக கிராக்கி, கூலி ஏறியது. போல்டன் நகரில் 1805 வாக்கில் வாரத்துக்கு சுமார் 25 ஷில்லிங் கிடைத்தது. நல்ல சம்பளம், சில மாதங்களில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. கேட்க வேண்டுமா? ஆட்கள் வந்து குவிந்தார்கள். நம்ம ஊரில் ஒரு காலத்தில் எந்தப் பிரிவில் பொறியியல் படித்தாலும் ஐடிக்குப் போனோமே, அந்த மாதிரி.

அடுத்த அடி சந்தையிலிருந்து விழுந்தது. பிரிட்டிஷ் சரக்கு ஐரோப்பாவுக்குள் வரக் கூடாது என்று நெப்போலியன் தடுத்தார். அமெரிக்காவோடு பிரிட்டன் வர்த்தகத் தகராறு, 1812ல் போர். ஏற்றுமதி படுத்தது, தறிகள் நின்றன. குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்கக் கேட்ட நெசவாளர்களின் கோரிக்கையை 1808ல் நாடாளுமன்றம் நிராகரித்திருந்தது. சங்கம் சேர்வதும் அப்போது சட்டப்படி குற்றம். 1811ல் நாட்டிங்ஹாம் பகுதியில் காலுறை பின்னும் சட்டங்களை உடைக்கத் தொடங்கினார்கள். லட்டைட்டுகள் என்ற பெயர் அப்போது வந்ததுதான். அரசு படைகளை அனுப்பியது. இயந்திரத்தை உடைத்தால் தூக்கு என்று 1812ல் சட்டம் போட்டது.

1815ல் அமைதி திரும்பியது, நிலைமை மோசமானது. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்கள் வேலை தேடி வந்தார்கள். போருக்கான அரசுச் செலவு நின்றது. வெளிநாட்டுத் தானியத்தைத் தடுக்கும் சட்டத்தை நிலவுடைமையாளர்கள் நிரம்பிய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1816ல் வெயிலே அடிக்காத கோடை, விளைச்சல் பொய்த்தது. கூலி இறங்கும்போது ரொட்டி விலை ஏறியது.

இவ்வளவும் நடந்தபோது விசைத்தறி இன்னும் முழுதாக வரவேயில்லை. 1813ல் பிரிட்டன் முழுக்க இருந்த விசைத்தறிகள் சுமார் 2,400. 1820ல் 14,000ஐத் தாண்டியது. 1833ல் ஒரு லட்சம். அதாவது, ஏற்கெனவே ஆள் பெருக்கத்தாலும் சந்தை அதிர்ச்சியாலும் பேரம் பேசும் பலத்தை இழந்திருந்தவர்கள் மீதுதான் இயந்திரம் வந்து இறங்கியது. கூலி குறைந்ததற்கு இயந்திரத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அதே சமயம், விழுந்த கூலி மறுபடி எழாமல் போனதற்குக் காரணம் அந்த இயந்திரம்தான்.

பழைய ரிக்கார்டோ சொன்னது

1817ல் ரிக்கார்டோவின் பெரிய புத்தகம் வெளியானது. 1819ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அயர்லாந்தில் ஒரு கையளவு வாக்காளர்களே இருந்த போர்டார்லிங்டன் தொகுதியைப் பணம் கொடுத்து வாங்கித்தான் உள்ளே போனார். தொகுதிப் பக்கம் தலைகாட்டவும் இல்லை. அன்றைய வழக்கம் அது. ஆனால் உள்ளே போய் ரகசிய வாக்கெடுப்பும் தேர்தல் சீர்திருத்தமும் வேண்டும் என்று பேசினார். தானே நிலவுடைமையாளராக இருந்துகொண்டு, தானியச் சட்டங்கள் நிலவுடைமையாளர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் கெடுதல் என்று எழுதியதும் அவர்தான்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுப் பல்லாயிரம் பேர் கூடினார்கள். நெசவாளர் குடும்பங்கள் ஏராளம். குதிரைப்படை புகுந்தது, குறைந்தது 15 பேர் செத்தார்கள். பீட்டர்லூ படுகொலை என்று வரலாறு சொல்வது இதைத்தான்.

டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வேலையின்மை பற்றி விவாதம் வந்தபோது ரிக்கார்டோ தன் பழைய நிலையிலேயே நின்றார். மொத்தமாகப் பார்த்தால் இயந்திரம் வேலைக்கான தேவையைக் குறைப்பதில்லை என்பது அவர் கட்சி.

அந்த வாதம் இப்படிப் போகும். இயந்திரம் வந்தால் பொருள் விலை குறையும், வாங்குகிற தொழிலாளிக்கும் அதில் லாபம். ஓர் இடத்தில் ஆள் தேவைப்படாவிட்டாலும், அவருக்குக் கூலியாகப் போன பணம் முதலாளியிடம் அப்படியே இருக்கிறது. அது வேறு எதிலாவது முதலீடாகும், அங்கே ஆள் எடுப்பார்கள். இடம் மாறும் சிரமம் கொஞ்ச நாளைக்கு. அவ்ளோதான்.

உங்கள் நிறுவனக் கூட்டத்தில் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதானே?

கணக்குப் போட்டுப் பார்த்தபோது

ஓட்டை எங்கே என்றால், அந்தப் பணம் அப்படியே இருக்கிறது என்ற இடத்தில். ஜான் பார்ட்டன் என்பவர் 1817லேயே ஒரு சிறு வெளியீட்டில் இதைத் தொட்டிருந்தார். முதலீடு என்பது ஒரே வகை இல்லை. கூலியாகப் போகும் பணம் ஒன்று, கட்டடமாகவும் இயந்திரமாகவும் உறைந்துபோகும் பணம் இன்னொன்று. இரண்டாவது கூடினால் வேலையும் அதே அளவுக்குக் கூடும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ரிக்கார்டோ உடனே ஏற்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

1821 அத்தியாயத்தில் அவர் தரும் கணக்கைப் பார்ப்போம். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் போதும், கடினம் இல்லை.

ஒரு முதலாளியிடம் 20,000 பவுண்டு. அதில் 7,000 கட்டடம், கருவிகள். மீதி 13,000 ஆட்களுக்குக் கூலி. லாபம் 10 சதவீதம், ஆண்டுக்கு 2,000 பவுண்டு. அதை அவர் தன் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்கிறார். அந்த ஆட்கள் ஆண்டுக்கு 15,000 பவுண்டு மதிப்புள்ள பொருட்களை உண்டாக்குகிறார்கள். கூலி 13,000 திரும்பி வருகிறது, லாபம் 2,000. வண்டி ஓடுகிறது.

ஓர் ஆண்டு, பாதிப் பேரை வழக்கமான வேலையிலிருந்து எடுத்து ஓர் இயந்திரம் செய்யச் சொல்கிறார். ஆண்டு முடிவில் கையில் 7,500 பவுண்டு மதிப்புள்ள இயந்திரம் இருக்கிறது. மீதிப் பாதிப் பேர் உண்டாக்கிய பொருட்கள் 7,500. அதிலிருந்து தன் செலவுக்கு வழக்கம்போல 2,000 எடுத்துக்கொள்கிறார். மிச்சம் 5,500.

இப்போது கூட்டிப் பாருங்கள். கட்டடம் 7,000, இயந்திரம் 7,500, கையில் 5,500. மொத்தம் அதே 20,000. லாபம் அதே 2,000. முதலாளி ஒரு காசு இழக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு கூலி கொடுக்க இருப்பது 5,500தான். முன்பு 13,000 இருந்தது. அந்த 7,500 பவுண்டுக்கு வேலை பார்த்தவர்கள் வெளியே. வேறு எங்கோ அவர்களை வேலைக்கு எடுக்கக் காத்திருக்கும் பணமும் எங்கும் இல்லை. அது இயந்திரமாக நிற்கிறது.

பார்த்தீங்களா, இதில் யாரும் வில்லன் இல்லை. ஏமாற்று இல்லை, பேராசை கூடத் தேவைப்படவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தி குறைந்தும் முதலாளியின் லாபம் மாறாமல் இருக்க முடியும் என்பதுதான் ரிக்கார்டோவைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம். அதற்கு முன்பு வரை, லாபம் இருந்தால் வேலையும் இருக்கும் என்று இரண்டையும் ஒன்றாகவே எண்ணியிருந்தார். இயந்திரம் தங்களைப் பாதிக்கும் என்ற தொழிலாளர்களின் எண்ணம் அறியாமை அல்ல, பொருளியல்படியே சரியானது என்ற முடிவுக்கு வந்தார்.

அவருடைய சீடர் மெக்குல்லக் ஆடிப்போனார். ரிக்கார்டோவின் பழைய கருத்தை நம்பிப் பத்திரிகையில் எழுதியவர் அவர். குருவே கட்சி மாறினால்? பொருளியலின் மரியாதையே போயிற்று என்கிற அளவுக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். ரிக்கார்டோ பின்வாங்கவில்லை.

அப்படியானால் இயந்திரத்தைத் தடுத்தாரா?

இல்லை. லட்டைட்டுகளின் பக்கம் அவரைச் சேர்க்க முயல்பவர்கள் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களையும் படிக்க வேண்டும். தன் கணக்கில் இயந்திரம் ஒரே நாளில் வந்து இறங்குவதாக வைத்துக்கொண்டதை அவரே சொல்கிறார். நிஜத்தில் அது படிப்படியாக வரும். இருக்கும் கூலிப் பணத்தைப் பிடுங்காமல், புதிதாகச் சேமித்த பணத்தில் இயந்திரம் வாங்கினால் பாதிப்பு குறையும். பொருள் மலிவானதால் மிச்சமாகும் பணம் மீண்டும் முதலீடானால் காலப்போக்கில் வேலை கூடவும் செய்யலாம். கூலி ஏற ஏற, இயந்திரம் வாங்குவது லாபம் என்று முதலாளிக்குத் தோன்றும் என்பதையும் கவனித்திருந்தார்.

தடை கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணம் இன்றும் கேட்கும் காரணம். நாம் தடுத்தால் மூலதனம் வெளிநாட்டுக்குப் போய்விடும். இயந்திரம் வந்தால் சில வேலைகள் போகும், மூலதனமே போய்விட்டால் எல்லா வேலையும் போகும். 1823ல் நாடாளுமன்றத்தில் இந்தப் பேச்சு மீண்டும் எழுந்தபோதும் இரண்டையும் சேர்த்தே சொன்னார்: பாதிப்பு உண்மை, தடை தீர்வல்ல. வேலை இழந்தவருக்கு அதுவரை யார் சோறு போடுவது என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. ஏழைகளுக்கான அரசு உதவிச் சட்டத்தைக் கூடப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்ற கட்சிதான் அவர். என் பார்வையில் அவருடைய கணக்கு எவ்வளவு நேர்மையானதோ, அவ்வளவு பெரிய பள்ளம் இந்த இடத்தில் இருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி, காதில் வந்த தொற்றால் கேட்கூம்ப் பார்க்கில் இறந்தார். வயது 51. ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தது.

பிறகு என்ன ஆனது?

போல்டன் நெசவாளரின் வாரக் கூலி 1830 வாக்கில் ஐந்தரை ஷில்லிங் அளவுக்கு வந்துவிட்டது. 25லிருந்து. பிள்ளைகளும் இளைஞர்களும் ஆலைக்குப் போனார்கள். வயதானவர்கள் தறியிலேயே கிடந்தார்கள். 1835ல் நெசவாளர் கூலியை ஒழுங்குபடுத்தும் யோசனை மறுபடி நாடாளுமன்றத்துக்கு வந்தது, மறுபடி தோற்றது.

நாடு முழுவதற்கும் கணக்குப் பார்த்த பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன், 1780 முதல் 1840 வரை ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 சதவீதம் கூடியபோது உண்மைக் கூலி சுமார் 12 சதவீதம்தான் கூடியது என்கிறார். அதன் பிறகே கூலி உற்பத்தியோடு சேர்ந்து ஏறியது. ஆக, நீண்ட காலத்தில் எல்லாம் சரியாகும் என்றவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் 1821ல் தறியில் உட்கார்ந்திருந்த 30 வயது நெசவாளருக்கு, அந்த நல்ல காலம் தொடங்கும்போது 50 தாண்டியிருக்கும்.

இது இங்கிலாந்துக் கதை. ரிக்கார்டோவின் கணக்கில் முதலாளி, இயந்திரம், வேலை இழந்தவர் மூவரும் ஒரே நாட்டில் இருக்கிறார்கள். மிச்சமாகும் பணம் என்றாவது ஒருநாள் பக்கத்துத் தெருவில் வேலையாக மாறலாம். இயந்திரம் மான்செஸ்டரிலும் வேலை இழப்பவர் வங்காளத்திலும் இருந்தால்?

1813ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வர்த்தக ஏகபோகம் முடிந்தது. 1814ல் பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த பருத்தித் துணி சுமார் 8 லட்சம் கஜம். 1835ல் 5 கோடி கஜத்துக்கு மேல். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து அங்கே போன துணி ஏறக்குறைய 12 லட்சம் பீஸிலிருந்து 3 லட்சமாகச் சரிந்தது. இந்தியத் துணிக்கு அங்கே கனமான வரி, பிரிட்டிஷ் துணிக்கு இங்கே மிகக் குறைந்த வரி. முதலில் விழுந்தவர்கள் வீட்டில் நூல் நூற்ற பெண்கள். ஆலை நூலோடு அவர்களால் போட்டி போடவே முடியவில்லை. மலிவான அந்த நூலை வாங்கி நெய்து, நெசவாளர்களில் ஒரு பகுதியினர் தாக்குப்பிடித்தார்கள். மொத்தம் எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் மலிவு விலையின் லாபம் இங்கே துணி வாங்கியவருக்குக் கிடைத்தது, இயந்திரத்தின் லாபமும் அது உருவாக்கிய புது வேலைகளும் அங்கே தங்கின என்பதில் சந்தேகம் இல்லை.

மஸ்லின் துணிக்கு உலகப் புகழ் பெற்றிருந்தது டாக்கா நகரம். அதன் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்திலிருந்து 30,000, 40,000 என்று சுருங்கிவிட்டதாக, கம்பெனியின் அதிகாரியாக இந்தியாவில் பணியாற்றிய சார்லஸ் டிரெவெலியன் 1840ல் லண்டனில் நாடாளுமன்றக் குழு முன்பு சாட்சி சொன்னார்.